மருந்து ஏறும் தேதியை மட்டும் குறித்தால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புற்றுநோய் பற்றி நாளிதழ்களில் நிறையவே வருகிறது. கட்டி தட்டுப்பட்டால் யாரைப் பார்ப்பது, எந்த வயதில் எந்தப் பரிசோதனை, காப்பீட்டில் எவ்வளவு கிடைக்கும் என்றெல்லாம் எழுதுகிறீர்கள்; நல்லது. கீமோ, அதாவது புற்றுநோய்க்கு மருந்து கொடுப்பது, தொடங்கிய பிறகு உடம்பு எப்படியெல்லாம் மாறும், அதை வீட்டில் வைத்து எப்படிச் சமாளிப்பது என்பது மட்டும் "முடி கொட்டும், வாந்தி வரும்" என்ற ஒரு வரியோடு நின்றுவிடுகிறது. ஆசாரிப்பள்ளம், நெய்யூர் ஆஸ்பத்திரிகளிலோ திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மையத்திலோ ஒரு நாள் மருந்து ஏற்றிக்கொண்டு வருகிறவர் மீதி 20 நாளும் இருப்பது தன் வீட்டில்தான். வாய் புண்ணாவதும் நகம் கறுப்பதும் அங்கே வைத்துத்தான். அப்போது கேட்பதற்குப் பக்கத்தில் நர்ஸ் கிடையாது. கடிதம் நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

புற்றுநோய்ப் பிரிவுச் செவிலியர்களான நாங்கள் சொல்ல வந்தது ஒன்றுதான். இந்த மாற்றங்களுக்கு நாள் கணக்கு உண்டு. எந்த மருந்துக்கு எது வரும், எத்தனையாவது நாளில் வரும், எப்போது போகும் என்று பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். தெரியாமல் வந்தால் பயம். பயத்தில் சிலர் பாதியில் நிறுத்தியும் விடுகிறார்கள். தெரிந்து வந்தால் அது பாட்டுக்கு வந்துவிட்டுப் போகும்.

வீட்டுச் சுவரில் கடைக்காரர் கொடுத்த மாதக் காலண்டர் தொங்கும் இல்லையா, அதை எடுத்துக்கொள்ளுங்கள். மருந்து ஏறிய நாளில் 1 என்று எழுதுங்கள். அதிலிருந்து எண்ணி, 2 முதல் 5 வரை "வயிறு" என்று எழுதுங்கள். குமட்டலும் மலச்சிக்கலும் அந்த நாட்களில்தான். 5 முதல் 10 வரை "வாய்". 7 முதல் 14 வரை சிவப்பு மையில் "காய்ச்சல்". முதல் தவணையில் மட்டும் 14 முதல் 21 வரை "முடி". மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றும் மருந்துகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்தக் கணக்கு பொருந்தும். வாரா வாரம் ஏற்றுகிறவர்களுக்கும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றுகிறவர்களுக்கும் நாள் மாறும். அதை மருந்து ஏற்றும் டேகேர் பிரிவிலேயே கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

முதல் இரண்டு மூன்று நாள் ஒரு ஏமாற்று உண்டு. வாந்தியையும் ஒவ்வாமையையும் தடுக்க டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்பார்கள். அதனால் முகம் சிவந்து, பசி எடுத்து, ராத்திரி தூக்கம் வராமல், ஆள் பார்க்கத் தெம்பாக இருப்பார். "மருந்து ஒண்ணும் செய்யலையே" என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். அந்த மாத்திரை நின்ற மறுநாள், அதாவது நாலாவது ஐந்தாவது நாள், கை காலைத் தூக்க முடியாத அசதி வரும். நோய் முற்றிவிட்டதென்று அதற்கு அர்த்தம் இல்லை. ஸ்டீராய்டு இறங்குகிறது, அவ்வளவுதான். ஸ்டீராய்டை மத்தியானத்துக்கு மேல் தள்ளிப் போடாமல் காலையிலேயே சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், தூக்கம் கொஞ்சம் சரியாகும். சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்த நாட்களில் அளவு எகிறும், வீட்டுக் கருவியில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டாக்ஸோரூபிசின், எபிரூபிசின் ஏற்றியவர்களுக்கு இன்னொன்று. ஊசி மருந்தே சிவப்பு நிறம். ஒன்றிரண்டு நாள் மூத்திரம் சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ போகும். ரத்தம் என்று பதறி நடுராத்திரி ஆட்டோ பிடிக்கிறவர்கள் உண்டு. நிறையத் தண்ணீர் குடித்தால் வெளுத்துவிடும். மூன்றாம் நாளுக்குப் பிறகும் சிவப்பாகவே இருந்தாலோ, எரிச்சலோ ரத்தக்கட்டியோ தெரிந்தாலோ போய்க் காட்டுங்கள்.

இனி முடி. எல்லா மருந்துக்கும் முடி கொட்டாது. டாக்ஸோரூபிசின், பாக்லிடாக்ஸெல், டோசிடாக்ஸெல் என்றால் தலை பெரும்பாலும் முழுவதும் கொட்டும். 5-எஃப்.யு., ஆக்ஸாலிபிளாட்டின், கேப்சைட்டபின் மாத்திரை என்றால் அடர்த்தி குறையுமே தவிர மொட்டையாகாது. "முடி கொட்டலைன்னா மருந்து பிடிக்கலை" என்று ஊரில் சொல்வது தவறு. வேகமாகப் பெருகும் செல்களை மருந்து அடிக்கிறது. முடியின் வேரும் வாயின் உள்தோலும் ரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜையும் அந்த வகை. எந்த மருந்து எதை எவ்வளவு அடிக்கும் என்பது மருந்துக்கு மருந்து வேறு. கட்டி கரைகிறதா என்பதற்கும் முடிக்கும் கணக்கு இல்லை.

கொட்டுவதற்கு இரண்டு மூன்று நாள் முன்னால் தலைத்தோல் வலிக்கும். தலையணையில் வைத்தாலே நோகும். அடுத்து, சீப்பு வைத்தால் கொத்தாக வரும். நீளமான முடியாக இருந்தால், கொட்டியது கொட்டாததோடு சிக்கிச் சடைபோல் திரண்டுவிடும். அதைப் பிரிப்பது கொட்டுவதைவிட வேதனை. ஆகவே முதல் ஊசிக்கு முன்பே தோளுக்கு மேல் வெட்டிவிடுங்கள். கொட்டத் தொடங்கியதும் முழுவதும் எடுத்துவிடலாம். எடுக்கும்போது சவரக்கத்தியும் பிளேடும் வேண்டாம். வேளாங்கண்ணியிலும் பழனியிலும் மொட்டை போடுவதுபோல் மழிக்கத்தான் கடைக்காரர் கை போகும். டிரிம்மரில் சீப்பு மாட்டி, 2 அல்லது 3 மில்லிமீட்டர் விட்டு ஓட்டச் சொல்லுங்கள். காரணம், பிளேடு கீறினால் கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியாகவே கிருமி போகும். வெள்ளணு (ரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணு) குறைந்த உடம்பு அதைத் தடுக்காது. நல்ல வேளையாக முடி கொட்டும் 14ஆம் நாளையொட்டி வெள்ளணு ஏறத் தொடங்கியிருக்கும். அதற்கு முன் அவசரப்பட்டு மொட்டை போட வேண்டியதில்லை.

தலை வெறுமையானதும் தேங்காய் எண்ணெய் நாலு சொட்டு தடவினால் போதும், வறட்சி போகும். வெயிலில் போகும்போது பருத்தித் துணி. பட்டும் நைலானும் வழுக்கும், வியர்க்கும். நம் குமரி மாவட்டத்தில் ஒரு சௌகரியம், மாதா கோவிலிலும் சபையிலும் முந்தியைத் தலையில் போடுவது பெண்களுக்குப் பழக்கம். முஸ்லிம் பெண்களுக்கு முக்காடு உண்டு. தலையை மூடினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. விக் வேண்டும் என்கிறவர்கள் முடி இருக்கும்போதே ஒரு போட்டோவும், வெட்டிய முடியில் ஒரு கற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு போனால் நிறமும் வகிடும் பொருந்தும். செயற்கை இழை விக்கை மாட்டிக்கொண்டு விறகடுப்பிலோ கேஸ் அடுப்பிலோ குனியக் கூடாது. முன்னால் இருக்கும் இழைகள் சூட்டில் சுருண்டு கருகிவிடும், பிறகு சரிசெய்ய முடியாது. சோறு வடிக்கும் ஆவியும் அப்படித்தான். உள்ளே மெல்லிய பருத்தித் தொப்பி போட்டால் அரிப்பு குறையும். பச்சைத் தண்ணீரில் ஷாம்பு கலந்து முக்கி எடுத்து நிழலில் உலர்த்த வேண்டும்.

புருவமும் இமைமுடியும் தலைமுடியோடு போகாமல் பலருக்கு இரண்டு மூன்று தவணை கழித்துத்தான் போகும். தலையைவிட இதுதான் முகத்தை "நோயாளி முகம்" ஆக்குகிறது என்பது எங்கள் எண்ணம். புருவம் இருக்கும்போதே அதன் மேல் விளிம்பையும் வால் முடியும் இடத்தையும் பென்சிலால் வரைந்து பழகிக்கொள்ளுங்கள். இமைமுடி போனால் கண்ணில் தூசி விழும். பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகிறவர்கள் வெறும் கண்ணாடியாவது போட வேண்டும். மூக்கு முடியும் போய்விடுவதால் சூடான ரசம் குடிக்கும்போது மூக்கிலிருந்து தண்ணீராக ஒழுகும். சளி இல்லை, கைக்குட்டை போதும்.

"என்ன மக்கா, இப்பிடி கறுத்துப் போயிட்ட?" முடிக்கு அடுத்தபடி ஊரில் காதில் விழும் கேள்வி இது. 5-எஃப்.யு., கேப்சைட்டபின் போன்ற மருந்துகளில் முகமும் விரல் மூட்டும் உள்ளங்கை ரேகையும் கறுக்கும், நாக்கில் கறுப்புப் புள்ளி விழும். ஊசி ஏறிய நரம்பின் வழியே முழங்கை வரை கறுப்புக் கோடு போகும். நரம்பு கெட்டுவிட்டதென்று எண்ணெய் போட்டு நீவ வேண்டாம். மருந்து முடிந்து சில மாதங்களில் தானாக மங்கும். எலுமிச்சை, வெள்ளையாக்கும் கிரீம், கஸ்தூரி மஞ்சள் எதுவும் வேண்டாம். வெயில்தான் அதை இன்னும் கறுப்பாக்கும். ஆனால் ஊசி போட்ட இடம் சிவந்து, வீங்கி, கொப்புளித்தாலோ எரிந்தாலோ அது வேறு விஷயம்: மருந்து நரம்புக்கு வெளியே கசிந்திருக்கலாம். அன்றே போக வேண்டும். மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போது எரிச்சல் தெரிந்தால், "நர்ஸைத் தொந்தரவு பண்ண வேண்டாம்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கவே கூடாது.

கை, கால் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கே பலரும் கையால் பிழைக்கிறவர்கள். கேப்சைட்டபின் மாத்திரையை வழக்கமாக 14 நாள், காலையும் இரவும், சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் எடுத்து, 7 நாள் இடைவெளி விடச் சொல்வார்கள். உள்ளங்கையிலும் பாதத்திலும் உரசலும் சூடும் அதிகமுள்ள இடங்களை அது தாக்கும். முதலில் ஊசி குத்துவதுபோல் ஒரு கூச்சம், பிறகு மிளகாய் அரைத்த கைபோல் எரிச்சல், சிவப்பு, அதன்பின் தோல் உரியும். ரப்பர் பால் வெட்டும் கத்தியைப் பிடிப்பது, அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) கொட்டை உடைப்பது, வலை இழுப்பது, வாரியல் பிடித்து முற்றம் பெருக்குவது எல்லாம் ஒரே இடத்தில் அழுத்தம் தருபவை. அண்டி ஓட்டிலிருந்து வரும் எண்ணெயும் ரப்பர் ஷீட் உறைய வைக்கும் ஆசிட்டும் நல்ல தோலையே பொள்ளவைக்கும். இந்தத் தோல் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மாத்திரை எடுக்கும் மாதங்களில் அந்த வேலைகள் வேண்டாம். யூரியா 10 சதவீதம் கலந்த கிரீமை முதல் நாளிலிருந்தே தினம் இரண்டு மூன்று முறை தடவுங்கள், எரிச்சல் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வெந்நீரில் கால் முக்கக் கூடாது. இறுக்கமான வார் செருப்பைவிட மெத்தென்ற அடிப்பாகமுள்ள தளர்ந்த செருப்பு நல்லது. சிவப்பு மட்டும் என்றால் சமாளிக்கலாம். வலி வந்து, டம்ளர் பிடிக்கவோ நடக்கவோ சிரமம் என்றால் அடுத்த வேளை மாத்திரையைப் போடுவதற்கு முன் ஆஸ்பத்திரிக்கு போன் செய்யுங்கள். சில நாள் நிறுத்தி, அளவைக் குறைத்துத் தொடர்வார்கள். "நிறுத்தினால் நோய் ஏறிவிடும்" என்று வலியோடு விழுங்குகிறவர்கள்தான் கடைசியில் பல வாரம் நிறுத்த வேண்டிவருகிறது.

இதில் யாரும் எதிர்பார்க்காத சிக்கல் ஒன்று. தோல் உரிந்து உரிந்து விரல் ரேகை மங்கிவிடும். ரேஷன் கடையில் விரலை வைத்தால் கருவி ஏற்காது. குடும்ப அட்டையில் பெயருள்ள வேறொருவர் விரல் வைத்தால் பொருள் வாங்கலாம். கருவிழிப் பதிவு இருக்கும் கடையில் அதைக் கேளுங்கள். ஓய்வூதியக்காரர்கள் ஆயுள் சான்றுக்கு ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டியே பதியலாம்.

நகம் கறுப்பது பாக்லிடாக்ஸெல், டோசிடாக்ஸெல் போட்டவர்களுக்கு அதிகம். ஒவ்வொரு தவணைக்கும் ஒரு குறுக்குக் கோடு விழுந்து, நகத்தைப் பார்த்தே எத்தனை ஊசி ஆயிற்று என்று எண்ணலாம்போல் இருக்கும். மோசமானது நகம் சதையிலிருந்து தூக்குவது. நீட்டமான நகம் துணியில் மாட்டினால் நெம்புகோல்போல் தூக்கிவிடும், அதனால் ஒட்ட வெட்டி வையுங்கள். ஓரத்தோலைப் பிய்க்கவோ தள்ளவோ வேண்டாம். மீன் வெட்டுவதை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்: சாளை முள்ளோ இறால் கொம்போ நகக்கண்ணில் ஏறினால் மறுநாள் பழுத்துவிடும். பாத்திரம் கழுவக் கையுறை, அதற்குள் பருத்திக் கையுறை. நகத்துக்கு அடியில் சீழோ நாற்றமோ தெரிந்தால் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துக் கட்டிக்கொண்டு இருக்காதீர்கள், டாக்டரிடம் போங்கள். டோசிடாக்ஸெல் ஏறும் நேரத்தில் குளிரூட்டிய கையுறை போட்டுவிடும் இடங்கள் உண்டு, நகச் சேதம் குறைகிறது. உங்கள் இடத்தில் உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

விரல் நுனி மரத்துப்போவது வேறு. பிளவுஸ் கொக்கி மாட்ட வரவில்லை, சில்லறை எண்ணத் தெரியவில்லை, கால் செருப்பு கழன்றதே தெரியவில்லை என்றால், அடுத்த தவணைக்கு முன் அதை இப்படியே சொல்லுங்கள். "மரப்பு இருக்கு" என்று மட்டும் சொன்னால் எவ்வளவு என்று டாக்டருக்குப் புரியாது. மரத்த கையால் வெந்நீர் சூடு தெரியாது; முழங்கையை விட்டுப் பார்த்து ஊற்றுங்கள். மழைக்காலத்தில் பாசி பிடித்த முற்றத்திலும் கிணற்றங்கரையிலும் வெறுங்காலோடு போக வேண்டாம். ஆக்ஸாலிபிளாட்டின் போட்டவர்களுக்குக் குளிர் ஆகாது. ஊசி போட்ட நாளிலிருந்து ஒரு வாரம் பிரிட்ஜுக்குள் கைவிட்டாலோ ஐஸ் தண்ணீர் குடித்தாலோ கையில் ஷாக் அடித்ததுபோல், தொண்டை அடைத்ததுபோல் இருக்கும். மூச்சு நின்றுவிடும் என்று தோன்றும். வெதுவெதுப்பாக ஏதாவது குடித்தால் அடங்கும். பனியில் விடிகாலை ரயிலுக்குப் போகிறவர்கள் துவர்த்தை (துண்டை) வாயோடு சேர்த்துச் சுற்றிக்கொண்டால் நல்லது.

வாய்க்கு ஒரு மருந்து வீட்டிலேயே செய்யலாம். காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், உப்பு ஒரு தேக்கரண்டி, ஆப்பசோடா ஒரு தேக்கரண்டி. பேக்கிங் பவுடர் வாங்கிவிடாதீர்கள், அது வேறு. இதை ஒவ்வொரு முறை சாப்பிட்ட பிறகும், படுக்கும் முன்பும் அரை நிமிடம் கொப்பளித்துத் துப்ப வேண்டும், விழுங்கக் கூடாது. மீந்ததை ராத்திரி கொட்டிவிட்டு மறுநாள் புதிதாகக் கலக்குங்கள். புண் வந்த பிறகு தொடங்கினால் எரிகிறது என்று விட்டுவிடுவார்கள். முதல் நாளே தொடங்கினால் பழகிவிடும். குழந்தைகளுக்கான மென்மையான பிரஷ் போதும். காரமான மவுத்வாஷ், வெற்றிலை பாக்கு, உமிக்கரி ஆகாது. நாக்கில் தயிர் ஒட்டியதுபோல் வெள்ளை படிந்தால் பூஞ்சை, அதற்கு மாத்திரை உண்டு.

சாப்பாட்டில், நாக்கில் இரும்புச் சுவை தட்டினால் எவர்சில்வர் கரண்டிக்குப் பதில் மரக்கரண்டி. கருவாடும் புளிமுளமும் (புளியும் மிளகாயும் தூக்கலான மீன் குழம்பு) வாய்ப்புண் நாட்களில் வேண்டாம். மட்டிப்பழம், அவித்த நேந்திரன், குழைந்த சம்பாக் கஞ்சியும் சிறுபயறும், முள் நீக்கிய மீனைத் தேங்காய் அரைத்து மிளகாய் குறைத்து வைத்தது, நன்றாக வெந்த முட்டை எல்லாம் இறங்கும். மரச்சீனி (மரவள்ளி) வயிறு நிறையும், ஆனால் அதில் இருப்பது மாவுச்சத்துதான். புரதம் தராது, கூட மீன் வேண்டும். பழங்கஞ்சி நல்லதுதான், ஆனால் சிவப்பு மையில் குறித்த அந்த நாட்களில் ராத்திரி முழுக்க ஊறிய சோறு வேண்டாம்; அன்றைக்கு வடித்ததையே சாப்பிடுங்கள். கருக்கு (இளநீர்) கண்ணெதிரே வெட்டியதாக இருக்கட்டும். கிட்னி பலவீனமானவர்கள் கருக்கு குடிக்கும் முன் கேட்க வேண்டும், அதில் பொட்டாசியம் அதிகம்.

இப்போது அந்தச் சிவப்பு மை. 7 முதல் 14ஆம் நாள் வரை வெள்ளணு மிகவும் குறைந்திருக்கும். ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். நாக்குக்கு அடியில் வைத்துப் பாருங்கள். சாயா குடித்திருந்தால் 20 நிமிடம் பொறுங்கள். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 செல்சியஸ் காட்டினால் பகலா இரவா என்று பார்க்காமல் கிளம்ப வேண்டும். இங்கே நடக்கும் தவறு எப்போதும் ஒன்றுதான்: ஒரு பாராசிட்டமால் போட்டுவிட்டு "காலையில் பார்ப்போம்" என்று படுப்பது. மாத்திரை சூட்டை மறைக்கும், ரத்தத்தில் பரவும் கிருமியை ஒன்றும் செய்யாது. வெள்ளணு இல்லாத உடம்பில் சீழ் கட்டாது, சிவக்காது, பல நேரம் காய்ச்சலைத் தவிர வேறு அடையாளமே இருக்காது. ஆஸ்பத்திரிக்குள் போனதும் முதல் வார்த்தையாக "கீமோ நோயாளி, ஊசி போட்டு இத்தனை நாள்" என்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். ஆன்டிபயாட்டிக் ஊசி ஒரு மணி நேரத்துக்குள் ஏற வேண்டும். மருந்தின் பெயரும் கடைசி ஊசித் தேதியும் எழுதிய அட்டை பர்ஸிலேயே இருக்கட்டும். குலசேகரத்திலோ பேச்சிப்பாறைப் பக்கமோ இருக்கிறவர்கள் ராத்திரி எந்த ஆஸ்பத்திரி, எந்த வண்டி என்று முன்கூட்டியே முடிவுசெய்து வைக்க வேண்டும்.

ரத்தம் உறைய உதவும் தட்டணு (பிளேட்லெட்) குறைந்தால் காலில் சிவப்புப் பொட்டு, காரணமில்லாத கன்றல், பல் தேய்த்தால் ரத்தம். அந்த நேரத்தில் மேல்வலிக்கு டிக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் எதுவும் தன்னிச்சையாகப் போடக் கூடாது. நம்மூரில் வர்ம ஆசான்களுக்குக் குறைவில்லை, அவர்கள் கலை பெரியது. ஆனாலும் கீமோ நடக்கும்போது தடவும் அடங்கலும் (எண்ணெய் போட்டு நீவுவதும் வர்மப் புள்ளிகளை அமுக்குவதும்) வேண்டாம், அமுக்கிய இடமெல்லாம் ரத்தம் கட்டும். கஷாயம், பப்பாளி இலைச் சாறு எதைக் குடித்தாலும் ஒளிக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். கல்லீரலில் மருந்தோடு மோதுபவை உண்டு.

மாறும் உருவத்தில் மெலிவது மட்டுமில்லை, ஊதுவதும் உண்டு. ஸ்டீராய்டால் முகம் உருண்டையாகும், எடை ஏறும். டோசிடாக்ஸெல் தவணைகள் கூடக்கூட இரண்டு கணுக்காலிலும் நீர் கோக்கும். வாரம் ஒருமுறை ஒரே நேரத்தில் எடை பார்த்து எழுதுங்கள். ஒரு கால் மட்டும், அல்லது பிக் லைன் (மருந்து ஏற்றக் கை நரம்பு வழியே விட்டு வைக்கும் நீண்ட குழாய்) போட்ட கை மட்டும் வீங்கி வலித்தால் அது ரத்தக்கட்டாக இருக்கலாம், அன்றே போக வேண்டும். பிக் லைன் இருப்பவர்கள் அந்தக் கையால் கிணற்றில் தண்ணீர் இறைக்கக் கூடாது, குளத்திலும் கடலிலும் திற்பரப்பு அருவியிலும் குளிக்கக் கூடாது. வாரம் ஒருமுறை கட்டு மாற்றி உப்பு நீர் செலுத்துவதைத் தள்ளிப்போட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

மாதவிலக்கு நிற்கலாம், 35 வயதிலும் திடீரென்று உடம்பு தீப்பிடித்ததுபோல் வேர்க்கலாம், பிறப்புறுப்பு உலர்ந்து தாம்பத்தியம் வலிக்கலாம். கேட்கக் கூச்சப்படுகிறார்கள், அதற்கும் வழி உண்டு, பெண் நர்ஸிடமாவது கேளுங்கள். விலக்கு நின்றாலும் கரு தரிக்கலாம், ஆகவே தடுப்பு அவசியம். குழந்தை வேண்டும் என்கிறவர்கள், ஆணோ பெண்ணோ, முதல் ஊசிக்கு முன்பே சொல்ல வேண்டும். விந்தணுவையும் கருமுட்டையையும் எடுத்து வைப்பது அப்போதுதான் முடியும்.

தொட்டால் ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிடலாம், பேரப்பிள்ளையை மடியில் வைக்கலாம், பிள்ளைக்குச் சளி காய்ச்சல் இல்லாதவரை. ஊசி போட்டு 48 மணி நேரம் மூத்திரத்திலும் வாந்தியிலும் மருந்து இருக்கும். அந்த இரண்டு நாள் மட்டும் கக்கூஸில் இரண்டு முறை தண்ணீர் ஊற்றுங்கள், வாந்தி பட்ட துணியைக் கையுறை போட்டுத் தனியாகத் துவையுங்கள்.

எங்கள் கோரிக்கை பெரிதல்ல. கீமோ கொடுக்கும் எல்லா இடத்திலும், முதல் ஊசிக்கு முன்பே, அவரவர் மருந்துக்கு ஏற்ற நாள் கணக்கைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். எல்லைக்கு அப்பால் போய்ச் சிகிச்சை எடுக்கிறவர்களுக்கு மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கும் தாள் பயன்படுவதில்லை. பேசினால் புரியும், வாசிக்கத் தெரியாது. புற்றுநோயாளிக்கும் துணைக்கு வருகிற ஒருவருக்கும் ரயில் கட்டணத்தில் சலுகை உண்டு என்பதையும், அதற்கான படிவத்தில் ஆஸ்பத்திரியில் கையெழுத்து வாங்க வேண்டும் என்பதையும் அதே தாளின் கீழே அச்சிடலாம். பலருக்குக் கடைசி ஊசி முடிந்த பிறகுதான் தெரியவருகிறது.

கடைசி ஊசிக்குப் பின் காலண்டரை எடுத்து எறிந்துவிடாதீர்கள். முடி ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் பூனைமுடிபோல் முளைக்கும். முதலில் சுருளாகவோ நரையாகவோ வரலாம். சாயம் பூச அவசரம் வேண்டாம். விரல் நகம் முழுதாக மாற ஆறு மாதம், கால் பெருவிரல் நகத்துக்கு ஒரு வருடத்துக்கு மேல். சிஸ்பிளாட்டினும் ஆக்ஸாலிபிளாட்டினும் போட்டவர்களுக்கு மரப்பு மட்டும் மருந்து நின்ற பிறகும் இரண்டு மூன்று மாதம் கூடிக்கொண்டே போய், அப்புறம்தான் மெல்ல இறங்கத் தொடங்கும். அந்த மாதங்களிலும் செருப்பு கழல்வது தெரிகிறதா என்று பார்த்து, தேதியோடு எழுதி, செக்கப்புக்குப் போகும்போது காட்டுங்கள்.

இப்படிக்கு,
புற்றுநோய்ப் பிரிவுச் செவிலியர்கள் சிலர்,
நாகர்கோவில்.